கண்ணாடில எப்படி படகு செய்றாங்க? ஃபைபர்கிளாஸ் பத்தி கொஞ்சம் விரிவா

கேள்வி மூணு பகுதியா இருக்கு. கண்ணாடி கீழ விழுந்தா சில்லு சில்லா போகுது, அப்புறம் எப்படி ஃபைபர்கிளாஸ்ல படகும் கதவும் பண்றாங்க? அந்த தூசி பட்டா அரிக்குதே, ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி கேன்சர் வருமா? வீட்டு பாத்ரூம் எஃப்ஆர்பி (அதுவும் ஃபைபர்கிளாஸ்தான்) கதவு கீழ்ப்பக்கம் விரிசல் விட்டிருக்கு, நாமளே ஒட்டிக்கலாமா? ஃபைபர் வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், முன்னாடி படகு, இப்போ பெரும்பாலும் கெமிக்கல் டேங்க் லைனிங், அதனால தெரிஞ்சத சொல்றேன், பதில் கொஞ்சம் நீளமா போகும் பரவால்லயா.

முதல்ல ஒண்ணு தெளிவாக்கிடறேன், ஃபைபர்கிளாஸ்னு நாம சொல்றது ஒரே பொருள் கிடையாது. கண்ணாடி நூல் ஒண்ணு, அத புடிச்சு வெச்சிருக்கற ரெசின் ஒண்ணு, ரெண்டும் சேர்ந்ததுதான். தனித்தனியா பாத்தா ரெண்டும் உதவாது. நூல் தொளதொளன்னு கெடக்கும், ரெசின மட்டும் ஊத்தி காய வெச்சா தட்டினா பட்டுனு உடையும். ரெண்டும் சேர்ந்தா மட்டும் எப்படி சுத்தியல் அடி தாங்குதுன்னா, அதுக்கு கண்ணாடி ஏன் உடையுதுன்னு புரிஞ்சிக்கணும்.

கண்ணாடி உண்மையில பலமில்லாத பொருள் இல்ல. அதோட மேற்பரப்புல கண்ணுக்கு தெரியாத குட்டி குட்டி கீறல்கள் இருக்கும், வெயிட்டு விழுந்தா அந்த பாரம் பூரா கீறல் முனையில போய் குவியும், கீறல் ஓட ஆரம்பிச்சா நிக்காது, அந்தப் பக்கம் வரைக்கும் போயிடும். 1920-ல இங்கிலாந்து ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி மையத்துல இருந்த கிரிஃபித்துங்கற இன்ஜினியர் இத சோதிச்சு பாத்தார், கண்ணாடிய உருக்கி நூலா இழுத்து, நூல் மெலிசாக மெலிசாக அதோட பலம் ஏறிக்கிட்டே போகுதுன்னு காட்டினார். காரணம் எளிமையானது, மெல்லிசான நூல்ல பெரிய கீறல் இருக்க இடமே கிடையாது.

இப்போ படகுக்கும் டேங்குக்கும் போடற நூல் ஒவ்வொண்ணும் சுமார் 10லிருந்து 20 மைக்ரான் தடிமன்தான் இருக்கும், நம்ம தலைமுடி 70 மைக்ரான் பக்கம் வரும்னா பாத்துக்கோங்க. மணல், சுண்ணாம்புக்கல், அலுமினா, கொஞ்சம் போரான் சேர்மம் எல்லாம் போட்டு உலையில உருக்கி, பிளாட்டினம் ரோடியம் கலந்த தட்டுல இருக்கற பொடி ஓட்டைகள் வழியா அசுர வேகத்துல இழுப்பாங்க. அவ்வளவு விலை ஒசந்த உலோகத்த எதுக்கு அதுல போடறாங்கன்னா, அந்த சூட்டுல கண்ணாடிக்குள்ள நாள்கணக்கா நின்னு தாக்குப்பிடிக்க வேற உலோகம் சரியா வராது. நூல் வெளிய வந்த உடனே, எதுலயும் உரசறதுக்கு முன்னாடி, அது மேல ஒரு பூச்சு போட்டாகணும். புதுசா இழுத்த நூல கையால தொட்டாலே பலம் குறைஞ்சிடும், அவ்வளவு நாசூக்கு. அந்தப் பூச்சுதான் பின்னாடி ரெசின் அதுல ஒட்டறதுக்கும் உதவுது.

இங்கதான் ரெசினோட வேலை வருது. நூல சுத்தி மூடி கீறல் விழாம, தண்ணி படாம பாத்துக்குது, ஒரு நூல் அறுந்தா அதோட பாரத்த பக்கத்து நூலுக்கு மாத்தி விடுது. கண்ணாடி ஷீட்ல கீறல் நேரா ஓடிடும், இதுல ஒவ்வொரு நூலா தாண்டி தாண்டி போகணும், வழியிலயே அதோட சக்தி போயிடும். கல்லால அடிச்ச ஃபைபர பாருங்க, அந்த இடம் மட்டும் வெள்ளையா வெளுத்து நிக்கும், துண்டா உடையாது. அந்த வெள்ளை என்னன்னா உள்ள ரெசின் நூல விட்டு பிரிஞ்சிருக்கு.

பலம் எவ்வளவுங்கற கணக்குல நிறைய பேர் ஏமாறாங்க. தனி கண்ணாடி நூலோட இழுவிசை பலம் 3,400 மெகாபாஸ்கல் (பலத்த அளக்கற அலகு) பக்கம், சாதாரண மைல்ட் ஸ்டீல் 400, 500 தான். இத வெச்சு ஸ்டீல விட ஏழு மடங்கு பலம்னு சொல்லி விப்பாங்க. ஆனா நாம கையில போடற பொருள்ல நூல் எல்லா திசையிலும் கலைஞ்சு கெடக்கற விரிப்பு, அததான் மேட்டுனு (mat) சொல்வோம், பாதிக்கு மேல ரெசின், அதனால கடைசியில வர்றது 100 மெகாபாஸ்கல் பக்கம்தான். இன்னொரு பெரிய விஷயம் விறைப்பு. அதுல ஃபைபர் ஸ்டீலுக்கு கிட்டயே வராது, மேட்டுல போட்ட ஷீட்டு ஸ்டீல விட இருபது மடங்குக்கு மேல வளையும். அதான் படகுக்கு உள்ள குறுக்கும் நெடுக்குமா ரிப் வெச்சு கட்றாங்க, டேங்க் சுவத்துல பட்டை ஒட்டறாங்க. ஃபைபரோட உண்மையான ஆதாயம் எடை (ஸ்டீலோட எடையில அஞ்சுல ஒரு பங்குதான்), துரு பிடிக்காது, கரண்ட் கடத்தாது, ரேடியோ அலைய தடுக்காது, எந்த வளைவுக்கும் அச்சு எடுக்கலாம். இதுக்காகத்தான் எடுக்கணும், ஸ்டீலோட போட்டி போடறதுக்கு இல்ல.

வரலாறு ஒரு வரில முடிச்சிடலாம்: அமெரிக்காவுல 1930கள்ல ஓவன்ஸ் கம்பெனிக்காரங்க முதல்ல பஞ்சா பண்ணாங்க, 1938-ல ஓவன்ஸ் கார்னிங்னு தனி கம்பெனி ஆச்சு, யுத்த காலத்துல பாலியெஸ்டர் ரெசின் வந்து சேர்ந்துச்சு, 1953-ல செவ்ரோலெட் கார்வெட் கார் பாடியே ஃபைபர்ல வந்துச்சு.

அந்தப் பஞ்சு இன்னைக்கும் இருக்கு, கிளாஸ் வூல்னு சொல்வாங்க. ஓட்டை போட்ட உருளைக்குள்ள உருகின கண்ணாடிய ஊத்தி வேகமா சுத்த விடறதுதான், பஞ்சு மிட்டாய் மெஷின் அப்படியே, சர்க்கரைக்கு பதிலா கண்ணாடி. இதுல ரெசின் வேலை கம்மி, நூலுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்துதான் சூட்ட தடுக்குது. மஞ்சளா இருக்கறது கண்ணாடி நிறம் இல்ல, ஒட்ட வைக்கற பைண்டர் நிறம். ஏசி டக்ட், தியேட்டர் சுவரு, ஷெட்டு கூரைக்கு அடியில, ஓவன் அடுப்போட உள்சுவர், எல்லாம் இதுதான்.

மத்தபடி நம்ம சுத்தி எங்க இல்லன்னு கேக்கணும். கையில இருக்கற போனுக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டே கண்ணாடித் துணில எபாக்சிங்கற ரெசின் ஊத்தினதுதான். ஜன்னல் கொசுவலை நிறைய வீட்ல பிவிசி பூசின கண்ணாடி நூல். வாட்டர் சாஃப்ட்னர் சிலிண்டர், தெருவுல ஈபி பெட்டி சிலது, லைன்மேன் ஏணி, பஸ்ஸோட முன் ஷோ, கல்யாண மண்டபத்து டெக்கரேஷன் தூண், பார்க்குல நிக்கற டைனோசர். முப்பந்தல்ல சுத்தற காத்தாடி இறக்கை பெரும்பாலும் கண்ணாடி நூல்தான். கை ஒடைஞ்சா ஆஸ்பத்திரில போடற ஃபைபர் கட்டும் இதே, அந்த டேப்புல இருக்கறது தண்ணி பட்டா இறுகற பாலியூரிதேன் ரெசின், சில நிமிஷத்துல கெட்டியாயிடும், மாவுக்கட்ட விட எடை ரொம்ப கம்மி, எக்ஸ்ரேயும் அது வழியா நல்லா தெரியும். இன்டர்நெட் கேபிள்ல வர்ற கண்ணாடி இழை வேற சமாச்சாரம், அது வெளிச்சம் போறதுக்கு, பலத்துக்கு இல்ல.

ஆனா கடையில ஃபைபர்னு சொல்றதெல்லாம் ஃபைபர்கிளாஸ் இல்ல. மொட்டை மாடி கறுப்பு டேங்க், ஹோட்டல் சேர், பக்கெட்டு, இதெல்லாம் வெறும் பிளாஸ்டிக், பெரும்பாலும் பாலிஎத்திலீனோ பாலிப்ராப்பிலீனோ. கண்டுபிடிக்கறது சுலபம், பெயின்ட் படாத பின்பக்கத்தையோ வெட்டின ஓரத்தையோ பாருங்க, நூல் நூலா தெரிஞ்சா கண்ணாடி இருக்கு. இது ஏன் முக்கியம்னா பாலிஎத்திலீன் மேல ரெசின் ஒட்டவே ஒட்டாது. விரிசல் விட்ட கறுப்பு டேங்க்குக்கு ஃபைபர் ஒட்டித் தர்றேன்னு யாராவது வந்தா காசு குடுக்காதீங்க, கொஞ்ச நாள்ல பத்தையா உரிஞ்சு வந்துடும், அதுக்கு பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி.

படகு விஷயத்துக்கு வர்றேன், ஃபைபர் எப்படி உருவாகுதுன்னு அதுல நல்லா தெரியும். நம்ம கடற்கரையில கட்டுமரமும் மர வள்ளமும் இருந்த இடத்துல இன்னைக்கு பெரும்பாலும் ஃபைபர் படகுதான், போட்டுன்னு சொல்வோம். மரம் விலை ஏறிடுச்சு, மரத்துல கடல் புழு ஓட்டை போடும், வருஷா வருஷம் பாக்கணும், ஃபைபர்ல அந்த புழு பாச்சா பலிக்காது, பின்னாடி தொங்கற அவுட்போர்டு இன்ஜின் மாட்டறதுக்கும் தோது. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணத்துல ஏகப்பட்ட போட்டு குடுத்தாங்க, அத செய்ய புதுப்புது யார்டும் முளைச்சது, அவசரத்துல போட்டது நிறைய.

செய்முறை இதான். மோல்டுல (அச்சுல) வேக்ஸ் தேய்ச்சு, ஜெல்கோட் அடிச்சு (வெளிப்பக்கம் தெரியற நிறம் கலந்த ரெசின் பூச்சு), அது கையில ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மேட்ட விரிச்சு ரெசின் பூசி பிரஷ்ஷால குத்தி குத்தி நனைக்கணும். நனையாத மேட்டு வெள்ளையா இருக்கும், ரெசின் ஏறினதும் அந்த வெள்ளை மறைஞ்சு அடியில இருக்கற ஜெல்கோட் நிறம் தெரியும், தெரிஞ்சா நூல் நனைஞ்சிருச்சு. அப்புறம் பள்ளம் பள்ளமா வெட்டின இரும்பு ரோலர உருட்டணும், உருட்ட உருட்ட சர்ர்னு சத்தத்தோட காத்துக்குமிழி வெளிய வரும். அந்த குமிழி உள்ளயே நின்னுட்டா பின்னாடி தண்ணி போய் உக்கார்ற வீடு அதுதான். இப்படி மேட்டு, ரோவிங் (தடிச்ச நூல்ல நெஞ்ச துணி), மேட்டுன்னு அடுக்கு அடுக்கா. ஒரு கிலோ மேட்டுக்கு ரெண்டு, ரெண்டரை கிலோ ரெசின் கணக்கு, அதுக்கு மேல ஊத்தினா தடிமன் கூடும், எடை கூடும், பலம் கூடாது. ஏன்னா பலம் கண்ணாடியில இருக்கு.

என்னோட கருத்து என்னன்னா ஃபைபர்ல பொருள விட வேலை செஞ்ச கைதான் முக்கியம். ஒரே டிரம் ரெசின், ஒரே கம்பெனி மேட்டு, ஒருத்தர் போட்ட போட்டு பதினஞ்சு வருஷம் ஓடும், இன்னொருத்தர் போட்டது ரெண்டாவது வருஷமே கீல் பக்கம் (படகோட அடித்தண்டு) விரியும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே பளபளப்பு, ஜெல்கோட் எல்லா பாவத்தையும் மூடிடும். அதனால போட்டோ டேங்க்கோ வாங்கறப்போ உள்பக்கம் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி போய் பாருங்க, டார்ச் அடிச்சா வெள்ளை திட்டு, குமிழி எல்லாம் தெரியும், பைப்புக்கு ஓட்டை போட்ட வட்டத்துண்ட கேட்டு வாங்கி தடிமன் அளந்துக்கோங்க. தர மாட்டேன்னா வேற கடை.

ஒரு விஷயம் பல பேருக்கு தெரியாது, ஃபைபர் தண்ணில மிதக்காது, தண்ணிய விட ஒன்றரை மடங்கு எடை. போட்டு மிதக்கறது வடிவத்தாலதான், கவுந்து தண்ணி நிறைஞ்சா போயிடும், அதான் உள்ள ஃபோம் அடைச்ச அறை வைக்கறது. தெர்மோகோல அப்படியே வெச்சு அது மேல பாலியெஸ்டர் ரெசின் பூசினா, ரெசின்ல இருக்கற ஸ்டைரீன் தெர்மோகோல கரைச்சு குழிச்சிடும். சிலை பண்றவங்க தெர்மோகோல்ல உருவம் செதுக்கி நேரா ரெசின் ஊத்தி மூஞ்சி போனதெல்லாம் உண்டு. அதுக்கு எபாக்சி போடணும், இல்ல முதல்ல வேற பூச்சால மூடணும்.

இதோட எதிரிங்க யாருன்னா வெயில், தண்ணி, நெருப்பு மூணும். வெயில்ல ரெசின் மேல்பரப்பு பொடிஞ்சு போய் நூல் வெளிய தெரிய ஆரம்பிக்கும், பழைய ஃபைபர் கூரை ஷீட்ட தடவினா கை அரிக்கறது அதாலதான். தண்ணி மெதுவா ஊறி ஜெல்கோட்டுக்கு அடியில கொப்புளம் விடும், எப்பவும் தண்ணில நிக்கற பொருளுக்கு ஆர்த்தோங்கற சாதா பாலியெஸ்டர் ரெசின் போடாம தண்ணிய நல்லா தாங்கற ஐசோ வகை போடச் சொல்றது இதுக்குத்தான், ஆசிட் டேங்க்குன்னா வினைல் எஸ்டர் ரெசின். நெருப்புல கண்ணாடி எரியாது ஆனா ரெசின் நல்லாவே எரியும், கரும்புகையோட, சாதாரண ரெசின் 100 டிகிரிக்கு கீழயே இளக ஆரம்பிச்சிடும். கிளாஸ் வூல் எரியாதுன்னு கேள்விப்பட்டுட்டு எஃப்ஆர்பி கூரையும் எரியாதுன்னு நினைச்சு அடுப்பு பக்கத்துல போடாதீங்க. சிமென்ட்டும் ஒரு எதிரிதான், அதோட காரம் சாதாரண கண்ணாடி நூல அரிச்சிடும், பூச்சு வேலைக்கு ஆல்கலி தாங்கற மெஷ்ஷுன்னு கேட்டு வாங்கணும். இன்னொரு தலைவலி, திரும்ப உருக்க முடியாது, இறுகின ரெசின் இறுகினதுதான். சில நாட்டுல நொறுக்கி சிமென்ட் சூளையில போடறாங்க, நம்ம கரையில பழைய போட்டு அப்படியே கெடக்கு. வீட்ல பழைய ஷீட்டு இருந்தா தயவுசெஞ்சு கொளுத்தாதீங்க.

ரெண்டாவது கேள்வி, அரிப்பும் கேன்சரும். அரிக்கறது அலர்ஜி இல்ல, முறிஞ்ச நூல் முனை தோல்ல குத்தறது, அவ்வளவுதான். சொறியக் கூடாது, சொறிஞ்சா இன்னும் உள்ள போகும், ஓடற பச்சத்தண்ணில கழுவிட்டு அப்புறம் சோப்பு, செல்லோ டேப் ஒட்டி எடுத்தா நிறைய வந்துடும். அந்தத் துணிய வீட்டு துணியோட மெஷின்ல போட்டா எல்லாருக்கும் அரிக்கும், தனியா அலசுங்க. ஆஸ்பெஸ்டாஸோட இத ஒண்ணா சேக்கக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் நெடுக்கா பிளந்து பிளந்து மெலிசாகி நுரையீரல் ஆழத்துக்கு போய் காலத்துக்கும் அங்கயே கெடக்கும், கண்ணாடி நூல் குறுக்காதான் முறியும், தடிமன் குறையாது, கிளாஸ் வூல் நூல் நுரையீரலுக்குள்ள போனாலும் மெல்ல கரையும். உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2001-ல வீட்டு இன்சுலேஷன் கிளாஸ் வூல, மனுஷனுக்கு கேன்சர் வரும்னு வகைப்படுத்த முடியாதுங்கற பிரிவுக்கு மாத்திடுச்சு. சில விசேஷ வகை ரொம்ப மெல்லிய நூல் மட்டும் சந்தேகப் பட்டியல்ல இருக்கு, அது நம்ம வீட்டுக்கு வராது. அதுக்காக அறுக்கறப்போ தூசிய சுவாசிக்கலாம்னு அர்த்தம் இல்ல, மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை கட்டாயம்.

நெஜமா பயப்பட வேண்டியது ரெசின் பக்கம். அந்த மூக்கை துளைக்கற வாசனை ஸ்டைரீன், அத 2018-ல அதே அமைப்பு கேன்சர் வர வாய்ப்பு அதிகம்ங்கற பட்டியல்ல வெச்சாச்சு, மூடின ரூம்ல வேலை செய்யவே கூடாது. கேட்டலிஸ்ட், அதாவது ரெசின் இறுகறதுக்கு கலக்கற திரவம், கண்ணுல ஒரு சொட்டு தெறிச்சாலும் பார்வை போகலாம். கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் (இறுகறத வேகப்படுத்தற திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணா ஊத்தினா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும், ரெசின்ல ஒண்ண நல்லா கலக்கிட்டுதான் அடுத்தத ஊத்தணும்.

இப்போ உங்க கதவு. ஒட்டலாம், மேல எம்-சீல் அப்பிட்டு பெயின்ட் அடிக்கறது மட்டும் வேண்டாம், விரிசல் அடியில ஓடிக்கிட்டே இருக்கும். கதவ கழட்டி வெளிய படுக்கப் போடுங்க. கீழ் ஓரம் பெரும்பாலும் தொறந்திருக்கும், அது வழியாத்தான் தண்ணி ஏறி உள்ள இருக்கற மரச்சட்டம் ஊறி உப்பி தோல வெடிக்க வெச்சிருக்கும், தட்டிப் பாருங்க, பொத்துனு சத்தம் வந்தா சட்டம் போச்சு, அப்ப கதவையே மாத்தறதுதான் லாபம். கெட்டியா இருந்தா வெயில்ல ரெண்டு மூணு நாள் நல்லா காய வைங்க, இத மட்டும் அவசரப்படாதீங்க. விரிசல் முனை ரெண்டுலயும் சின்ன ஓட்டை போடுங்க, அதுக்கு மேல ஓடாது. 80 நம்பர் உப்புத்தாள் போட்டு விரிசல சுத்தி நாலு விரல் அகலத்துக்கு பெயின்ட்டு, ஜெல்கோட் எல்லாம் போய் நூல் தெரியற வரைக்கும் சரிவா தேய்ச்சு, அசிட்டோன்ல துடைங்க. 450 மேட்டுல (சதுர மீட்டருக்கு 450 கிராம்) ரெண்டு துண்டு, ஒண்ணு சின்னது, ஒண்ணு அத விட பெருசு, கத்தரியால வெட்டாம கையால பிச்சா ஓரம் மேடு தட்டாது.

கடையில ஆக்சிலரேட்டர் ஏற்கனவே கலந்த ரெசினானு கேட்டு கால் கிலோ வாங்கினா போதும். 200 கிராமுக்கு கேட்டலிஸ்ட் 3 மில்லி, நல்ல வெயில்ல 2 மில்லி, அதுக்கு கீழ குறைச்சா எத்தனை நாளானாலும் பிசுபிசுன்னு நிக்கும். கலக்கினா பத்து பதினஞ்சு நிமிஷம்தான் கையில இருக்கும், கப்புல மிச்சத்த அப்படியே விட்டா கொதிச்சு புகையும், தட்டுல பரப்பி வெளிய வெச்சிடுங்க. முதல்ல ரெசின பூசி, சின்ன துண்ட வெச்சு நனைச்சு, அது மேல பெரிய துண்டு, வெள்ளை மறையற வரைக்கும் பிரஷ்ஷால குத்துங்க, இழுத்து தேய்க்காதீங்க, நூல் கலைஞ்சு வந்துடும். மேல ஒரு ஓஎச்பி ஷீட்டோ பழைய எக்ஸ்ரே ஃபிலிமோ போட்டு தடவி விட்டா காத்தும் போகும், மேல்பரப்பும் வழவழன்னு வரும், செட் ஆனதும் உரிச்சிடலாம். அப்புறம் மறக்காம, மிச்சம் இருக்கற ரெசின தொறந்து கெடக்கற கீழ் ஓரத்துல ஒரு மேட்டுப் பட்டையோட சேத்து ஒட்டி முழுசா மூடிடுங்க, வாங்கின அன்னைக்கே செஞ்சிருக்க வேண்டிய வேலை அதுதான். மறுநாள் தேய்ச்சு பெயின்ட் அடிச்சு மாட்டலாம், மாட்டறப்போ தரைக்கும் கதவுக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்க.